வன்னியில் வீட்டை விற்பது எப்போது? விலைக்கு முன் பார்க்க வேண்டியவை

கடந்த சில ஆண்டுகளில் வன்னியில் காணியும் வீடும் வைத்திருப்போரைக் குழப்பும் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2022இல் ரூபாய் சரிந்தது. பொருள் விலைகள் எகிறின. அப்போது நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த வங்கிகள், அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதைப் பத்து வீதத்துக்கும் கீழே இறக்கின. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி, வடக்கில் ஏறக்குறைய 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு அந்த அறிவித்தலை மீளப்பெற்றது. அதே ஆண்டில் பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் முதலீட்டு வலயங்கள் வரும் என்ற பேச்சு வலுத்தது. நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் வந்தன.

இத்தனைக்கும் நடுவில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பிலும் பல குடும்பங்கள் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: வீட்டை இப்போது விற்பதா, இன்னும் பொறுப்பதா?

இதற்கு விலையை ஊகித்துப் பதில் சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. வன்னியில் ஒரு வீடு என்ன விலைக்குப் போகும் என்பதை ஆண்டும் மாதமும் தீர்மானிப்பதைவிட, அதன் ஆவணங்களும் விற்பவருக்கு இருக்கும் அவசரமுமே அதிகம் தீர்மானிக்கின்றன. அவை இரண்டையும் சரிசெய்துகொண்டவருக்கு மந்தமான காலத்திலும் நியாய விலை கிடைக்கும். சரிசெய்யாதவர் நல்ல காலத்திலும் வாங்குபவர் சொல்லும் விலைக்கே இறங்க வேண்டிவரும்.

விலை எங்கிருந்து வருகிறது

இலங்கை மத்திய வங்கி காணிப் பெறுமதிச் சுட்டெண் ஒன்றை வெளியிடுகிறது. அது கொழும்பு மாவட்டத்துக்கு உரியது. வன்னிக்கு அப்படி எதுவும் இல்லை. ஆகவே "காணி விலை ஏறுகிறது", "விழுந்துவிட்டது" என்று இங்கே சொல்லப்படுபவை எல்லாம் பக்கத்துக் காணி என்ன விலைக்குப் போனது என்ற பேச்சிலிருந்தும் தரகர்களின் வாயிலிருந்தும் வருபவை. காணிப் பதிவகத்தில் இருக்கும் உறுதிகளைப் பார்த்தாலும் முழு உண்மை தெரியாது. முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு.

வாங்குவோரும் சிலரே. நகரத்தை அண்டிக் குடியேற விரும்பும் அரச ஊழியர்கள், புலம்பெயர்ந்த உறவினரின் பணத்தைக் கொண்டு வாங்குவோர், தம் வளவை விரிக்க நினைக்கும் பக்கத்துக் காணிக்காரர், ஏ9 வீதியோரம் கடைக்கு இடம் தேடும் வியாபாரிகள் ஆகியோரோடு பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கொழும்பில் வீட்டுக்கடன் வட்டி குறைந்தால் வாங்குவோர் கூடுவார்கள். வன்னியிலோ பெரும்பாலானோர் கையிலுள்ள காசைக் கொடுத்தே வாங்குகிறார்கள். எனவே மத்திய வங்கி வட்டியைக் குறைத்துவிட்டது என்ற செய்தியை மட்டும் நம்பி, வாங்க ஆள் வருவார் என்று காத்திருப்பதில் பயன் குறைவு.

வாங்குவோர் குறைந்த சந்தையில் ஒரே ஒரு விற்பனைகூடப் பேசப்படும் விலையை மாற்றிவிடும். கனடாவிலிருந்து வந்த ஒருவர் பிரதான வீதியோரக் காணியை ஆசைப்பட்டுக் கூடுதல் விலைக்கு வாங்கினால், இரண்டு கிலோமீற்றர் உள்ளே இருப்பவரும் அதே விலையைக் கேட்கத் தொடங்குவார். யாரும் வாங்கமாட்டார்கள். ஆறு மாதம் கழித்து, "சந்தை விழுந்துவிட்டது" என்பார். விழுவதற்கு அங்கே சந்தை இருக்கவில்லை. ஒரு தனி விற்பனைதான் இருந்தது.

முதலீட்டு வலயம், புதிய பாலம், அலுவலகம் இடம்மாறுதல் போன்ற அறிவிப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அறிவிப்பு வந்தவுடன் விற்பவர்கள் விலையை ஏற்றுகிறார்கள். வாங்குபவர்களோ வேலை தொடங்கிச் சம்பளம் வாங்கும் மனிதர்கள் அந்த ஊரில் வாழ வரும்போதுதான் வருகிறார்கள். மாங்குளம் பெருநகராகும் என்ற பேச்சு போர் முடிந்த நாளிலிருந்தே இருக்கிறது. அந்தப் பேச்சை நம்பி வீட்டை விற்காமல் வைத்திருப்பதானால், அதைத் தாங்கும் வருமானம் வேறு வழியில் இருக்க வேண்டும்.

முதலில் தெரிய வேண்டியது: காணி எந்த வகை

வீட்டை விற்பதாகச் சொல்கிறோம். சட்டத்தின் பார்வையில் விற்கப்படுவது காணி. வீடு அதனோடு சேர்ந்து போகிறது. வன்னியின் குடிமனைகளில் பெரும் பகுதி குடியேற்றத் திட்டங்களில் உருவானவை. உருத்திரபுரம், வட்டக்கச்சி, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்தையும் வாய்க்காலையும் ஒட்டி அரசு பகிர்ந்தளித்த காணிகள் அவை. யாழ்ப்பாணத்தில் "உறுதி இருக்கிறதா" என்று கேட்டால் போதும். வன்னியில் "என்ன கடதாசி இருக்கிறது" என்று கேட்க வேண்டும். பதில் நான்கு வகையாக இருக்கலாம்.

1. உறுதிக் காணி. நொத்தாரிசு ஒருவர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, காணிப் பதிவகத்தில் பதியப்பட்டது. இதைச் சுதந்திரமாக விற்கலாம். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் கலங்க வேண்டாம். ஒவ்வோர் உறுதிக்கும் ஒரு பிரதி நொத்தாரிசிடமும் இன்னொரு பிரதி பதிவகத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தாலும் சான்றுப்படுத்திய பிரதியைத் தேடிப் பெறலாம். இந்தத் தேடலுக்கு மாதங்கள் ஆகலாம். வாங்குபவர் வந்து நிற்கும்போது தொடங்கும் வேலை இதுவல்ல.

2. அளிப்புக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ், நிபந்தனைகளுடன் உரிமையாக வழங்கப்பட்டது. சுவர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் பலரிடம் இருப்பது இதுதான். இதை விற்கலாம், ஆனால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். சம்மதம் இல்லாமல் முடித்த உறுதி செல்லாது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே துண்டாடவும் முடியாது. ஆகவே "அரைவாசியை மட்டும் விற்கிறேன்" என்பதற்கு முன் அளிப்பில் எழுதியுள்ள உபபிரிவு அளவைப் படித்துப் பார்க்க வேண்டும்.

3. அனுமதிப்பத்திரக் காணி. குடியிருக்கவும் பயிரிடவும் கொடுத்த அனுமதி மட்டுமே இது. விற்கும் உரிமை இதில் இல்லை. சத்தியக்கடதாசி எழுதியும், வெள்ளைத்தாளில் கையொப்பம் வைத்தும், கிராம அலுவலருக்குத் தெரிந்தும் தெரியாமலும் இந்தக் காணிகள் வன்னி எங்கும் கைமாறுகின்றன. அப்படி வாங்கியவருக்குச் சட்டம் எந்த உரிமையும் தருவதில்லை. விற்றவரின் அனுமதிப்பத்திரம் இரத்தாகலாம். இருவரும் இறந்தபின் பிள்ளைகள் நீதிமன்றத்தில் நிற்பார்கள். இந்த ஆபத்தை வாங்குபவர் நன்றாகவே அறிவார். அதற்கான கழிவையும் விலையில் எடுத்துக்கொள்வார். அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் விலை ஏறக் காத்திருப்பதைவிட அதை அளிப்பாக மாற்ற முயல்வதே பணமாகும் வேலை. முழுவுரிமை உறுதி வழங்குவதற்காக 2024இல் தொடங்கிய உறுமய திட்டத்தின் கீழ் பத்திரம் பெற்றவர்கள், அதிலுள்ள வாசகங்களைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டித் தெளிவுபெற்ற பின்பே விலை பேச வேண்டும்.

4. ஒன்றுமில்லாத காணி. காடு வெட்டிக் குடியிருந்தவர்கள், அனுமதிப்பத்திரம் எடுத்த தகப்பன் வாரிசை நியமிக்காமல் இறந்துபோனவர்கள், வேறொருவரின் காணியில் வீட்டுத்திட்ட வீடு கட்டியவர்கள் இதில் அடங்குவர். இந்தியாவின் உதவியோடு 5,50,000 ரூபாய் மானியத்தில் கட்டிய வீட்டில் பத்தாண்டுக்கு மேல் இருந்தும், காணி யார் பெயரில் என்பது தீராத குடும்பங்கள் உண்டு. வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கே விற்பனை என்ற பேச்சுக்கே இப்போது இடமில்லை. முதல் வேலை பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில்.

அனுமதிப்பத்திரத்துக்கும் அளிப்புக்கும் பின்னுரித்தாளர் நியமனம், அதாவது தனக்குப் பின் காணி யாருக்கு என்று பதிவது, முக்கியம். நியமனம் இல்லாவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி உரித்து போகும். அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண் பிள்ளைகளுக்கே முன்னுரிமை கொடுத்தது, 2022இல்தான் திருத்தப்பட்டது. அதற்கு முன் நடந்த இறப்புகளில் சகோதரிகளின் நிலை என்ன என்பதை விற்பனைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காணி வகை தெளிவாகிவிட்டால் அடுத்தது எல்லை. பழைய உறுதியில் "கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் காணி" என்று எழுதியிருக்கும். அந்த இன்னார் இறந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். எல்லையில் நின்ற வேம்பு ஷெல் வீச்சில் போயிருக்கும். மீள்குடியேறியபோது வேலி கண்மதிப்பில் அடைக்கப்பட்டிருக்கும். உறுதியில் எட்டுப் பரப்பு, நிலத்தில் ஏழு என்பது இங்கே சாதாரணமாக நடக்கும் விடயம். காணியின் ஒரு பக்கம் வன இலாகாவின் எல்லைக்கற்களைத் தொடுமானால் நிலைமை இன்னும் சிக்கலாகும். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிய வரைபடம் எடுப்பதற்குச் செலவாகும். விற்கும் எண்ணம் உள்ளவர் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயன் தருவது வேறில்லை. சுவருக்குப் பூசும் வர்ணத்தை வாங்குபவர் பொருட்படுத்தமாட்டார், வரைபடத்தைப் பார்ப்பார்.

2025 வர்த்தமானியின் பாடமும் இதுதான். அது மீளப்பெறப்பட்டது உண்மை. ஆனால் கடதாசியில் தெளிவில்லாத காணி எந்த அறிவித்தலுக்கும் ஆளாகலாம் என்பதை வாங்குபவர்கள் மறக்கவில்லை. அந்தப் பயத்தில் கிடைத்த விலைக்கு விற்பது தவறான முடிவு. பயப்படும் நேரத்தில் தீர வேண்டியது கடதாசி. அது தீர்ந்தால் அவசரமாக விற்பதற்கான காரணமும் பெரும்பாலும் இல்லாமல் போகும்.

யார் கையொப்பமிட வேண்டும்

வட மாகாணத் தமிழருக்கு, சொத்தையும் உரித்தையும் ஆளும் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் பொருந்தும். மலையகத்திலிருந்து 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் வன்னியில் குடியேறியோருக்கு அது பொருந்துமா என்பது அவர்களின் நிரந்தர வதிவிடத்தைப் பொறுத்த கேள்வி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். தேசவழமை பொருந்தும் இடத்தில் மூன்று விடயங்கள் விற்பனையின் காலத்தை நீட்டலாம்.

முதலாவது, முன்வாங்கும் உரித்து. கூட்டுரிமையாளரும் உரித்தாளராகக்கூடியவர்களும், காணி வெளியாருக்குப் போகுமுன் தாமே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். 1947ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் இதற்கு அறிவித்தல் கொடுக்கும் முறையை வகுத்திருக்கிறது. பிரிபடாப் பங்கை அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், விற்ற பின்னும் வழக்கு வரலாம்.

இரண்டாவது, சொத்து எப்படி வந்தது என்பது. முதிசமா (மூதாதையரிடமிருந்து வந்தது), சீதனமா, தேடியதேட்டமா (திருமண வாழ்வில் தேடிக்கொண்டது) என்பதைப் பொறுத்து யாருக்குப் பங்கு என்பது மாறும். தேடியதேட்டத்தில் கணவன், மனைவி இருவருக்கும் பங்கு உண்டு. ஒருவர் இறந்திருந்தால் அவருடைய பங்கு பிள்ளைகளுக்குப் போயிருக்கும். அவர்களில் ஒருவர் சுவிஸிலும் இன்னொருவர் தமிழ்நாட்டு முகாமிலும் இருந்தால், எல்லோருடைய அற்றோணித் தத்துவமும் (தமக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) வந்து சேரவே காலம் எடுக்கும்.

மூன்றாவதுதான் வன்னியில் மிகவும் வலிக்கும் இடம். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். தன் தாய் தந்த சீதனக் காணியாக இருந்தாலும் அப்படித்தான். இது அநீதியான விதி, நீக்கப்பட வேண்டியது. 2009இல் கணவனைத் தொலைத்துவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் கணவனின் கையொப்பத்தை எப்படிக் கேட்பது? சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலும், அவர் கைவிட்டுப் போயிருந்தாலும், நியாயமின்றி ஒப்புதல் மறுத்தாலும், மாவட்ட நீதிமன்றம் அந்த ஒப்புதலுக்குப் பதிலாக அனுமதி அளிக்கலாம். 2016 முதல் வழங்கப்படும் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் இத்தகைய விண்ணப்பத்துக்கு உதவக்கூடும். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லித் தரகர்கள் வற்புறுத்துவார்கள். அது அவர்களின் அவசரம். எந்தச் சான்றிதழைப் பெறுவது என்பது அந்தப் பெண் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு, வீட்டு விற்பனைக்காக எடுக்கப்படக் கூடாதது. நீதிமன்ற வழி மெதுவானது. விற்கும் தேவை வரலாம் என்று தோன்றும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

விலையை எதில் அளப்பது

கடதாசி சரி, கையொப்பமிட ஆட்களும் தயார் என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் "இந்த விலை போதுமா" என்ற கேள்விக்கு வர முடியும்.

2021இல் 40 இலட்சம் பெறுமதி சொல்லப்பட்ட வீடு ஒன்றுக்கு இப்போது ஒருவர் 70 இலட்சம் தருவதாகச் சொல்கிறார் என்று உதாரணத்துக்கு எடுப்போம். 30 இலட்சம் இலாபம் போலத் தெரிகிறது. இரண்டு விதமாகக் கணக்குப் பார்க்கலாம்.

பொருள் விலையில் பார்த்தால், நாட்டில் நுகர்வோர் விலைகள் 2021க்கும் 2024க்கும் இடையில் ஏறக்குறைய இரு மடங்காகின. 40 இலட்சம் அன்று செய்த வேலையைச் செய்ய இன்று 80 இலட்சத்தை ஒட்டிய தொகை வேண்டும். அந்தக் கணக்கில் 70 இலட்சம் என்பது நட்டம்.

டொலரில் பார்த்தால், 2021இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். 40 இலட்சம் என்பது 20,000 டொலர். பின்னர் டொலர் 300 ரூபாயை ஒட்டி நிலைகொண்டது. 70 இலட்சம் என்பது 23,000 டொலருக்குச் சற்று மேல். இந்தக் கணக்கில் அதே விலை இலாபம்.

இரண்டும் சரியான கணக்குகளே. எதை எடுப்பது என்பதை அந்தப் பணம் எங்கே போகப்போகிறது என்பது தீர்மானிக்கும். பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்கோ, வெளிநாட்டில் குடியேறியவரின் அங்குள்ள வீட்டுக்கோ போகிறதென்றால் டொலர்க் கணக்கு. வவுனியா நகரில் இன்னொரு வீடு வாங்கவோ, மகளின் வளவில் புதிதாகக் கட்டவோ என்றால், அங்கே காணிக்கும் சீமெந்துக்கும் கம்பிக்கும் கூலிக்கும் இன்று என்ன விலை என்பதே கணக்கு. விற்கும் வீட்டுக்கு விலை கேட்ட அதே வாரத்தில் வாங்கப்போகும் வீட்டுக்கும் விலை கேட்க வேண்டும். விற்ற பணத்தோடு ஆறு மாதம் அலைபவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் பெரும்பாலும் விற்றதைவிடச் சிறிய வீட்டில்தான் போய் நிற்கிறார்கள்.

விற்று வங்கியில் போட்டு வட்டியில் வாழலாம் என்ற எண்ணத்துக்கு 2022 நல்ல சோதனை. அன்றைய வட்டியைப் பார்த்து ஒரு வருட வைப்பில் இட்டவர்கள் முதல் ஆண்டு மகிழ்ந்தார்கள். அந்த ஆண்டு விலைவாசி அதைவிட வேகமாக ஓடியது: 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். வைப்பைப் புதுப்பிக்கப் போனபோது வட்டி பாதியாகியிருந்தது. வயதானவர்கள் குடியிருக்கும் ஒரே வீட்டை இந்தக் கணக்கை நம்பி விற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வட்டி மாறும், குடியிருக்க ஒரு கூரை வேண்டும் என்பது மாறாது.

பருவமும் வெள்ளமும்

பருவம் விலையை மாற்றுவதைவிட வருவோரின் எண்ணிக்கையை மாற்றுகிறது. காலபோக அறுவடை முடியும் பங்குனியில் உள்ளூரில் பணம் புழங்கும். ஐரோப்பியப் பாடசாலை விடுமுறையான ஆடி, ஆவணியிலும், மார்கழி இறுதியிலும் புலம்பெயர்ந்தோர் வருவார்கள். முல்லைத்தீவில் வற்றாப்பளைப் பொங்கல் காலத்திலும் வெளியூரார் வருகை கூடும். விற்கும் எண்ணம் உள்ளவர் இந்த மாதங்களுக்கு முன் கடதாசி வேலைகளை முடித்திருக்க வேண்டும்.

வாங்க வருபவர்கள் கவனமாகப் பார்ப்பது இரண்டு விடயங்களை. ஒன்று கிணறு. தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துப் பார்ப்பார்கள். அடுக்களையில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று திறந்து பார்ப்பார்கள். பூநகரிப் பக்கம் உவர் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. மற்றது சுவரில் வெள்ளம் ஏறிய அடையாளம். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின; 2025 நவம்பரில் மீண்டும். வெள்ளம் வடிந்த கையோடு விற்பவருக்கு மிகக் குறைந்த விலையே கிடைக்கும், ஏனெனில் ஈரச் சுவர் வாங்குபவரின் கண்முன்னே இருக்கிறது. நட்டஈட்டுப் பதிவும் முடிந்திருக்காது. குளத்தின் வான்கதவு திறந்தால் ஆண்டுதோறும் முற்றத்துக்குத் தண்ணீர் வரும் வீடு என்றால் அது வேறு கதை: அந்தக் குறை ஆறாது. திருத்திக்கொண்டு, அடுத்த கோடையில் விற்றுவிட்டு மேட்டுக்குப் போவதே நல்லது. வெள்ளம் வருவதை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. அந்த வீட்டில் இன்னொரு குடும்பத்தின் குழந்தைகள் தூங்கப் போகிறார்கள்.

விற்கலாம், பொறுக்கலாம்

விற்பதற்கான நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடிய நிலைகள் சில உண்டு. கடதாசி தீர்ந்திருக்கிறது, போக வேறு இடம் உறுதியாகியிருக்கிறது, குடும்பத்தில் யாரும் இனி இங்கே வாழ வரப்போவதில்லை, வீடு பூட்டிக் கிடந்து பழுதாகிறது. இவை ஒன்றுசேர்ந்தால் இன்னும் பத்து வீதம் ஏறட்டும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை. பூட்டிய வீட்டைக் கறையான் தின்னும். பராமரிக்கவென்று எழுத்தில்லாமல் ஒருவரை இருத்தி, வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் விட்டால், பத்தாண்டு தொடர்ந்து இருந்ததைக் காட்டி ஆட்சியுரிமை கோரும் வழக்குக்கும் இடமுண்டாகலாம். காத்திருப்பதற்கும் செலவு உண்டு.

பொறுக்க வேண்டிய நிலைகளில் முதன்மையானது கடன். நுண்கடன் தவணைக்காரர் வாசலில் நிற்கிறார், வெளிநாடு அனுப்பும் முகவர் இந்த மாதத்துக்குள் பணம் கேட்கிறார் என்ற நெருக்கடியில் விற்கப்படும் வீடுகள்தான் வன்னியில் மிக மலிவாகப் போகின்றன. தரகர் முதலில் விசாரிப்பதே "என்ன அவசரம்?" என்றுதான். சிறு கடனுக்காக முழு வீட்டையும் விற்க வேண்டியதில்லை. உறுதிக் காணியானால், பிரதேச சபையின் அனுமதியோடு பிரித்து ஒரு துண்டை மட்டும் விற்கலாம். தேக்கு நின்றால், உரிய அனுமதி பெற்று அதை விற்கலாம். வயலைக் குத்தகைக்குக் கொடுக்கலாம். முகவருக்குப் பணம் கட்டுவதற்காகக் குடியிருக்கும் வீட்டை விற்பது இவற்றில் மிகவும் ஆபத்தானது: பயணம் தவறினால் திரும்பி வர இடம் இருக்காது.

புலம்பெயர்ந்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுக்காதவர், தன் ஊர்க் காணியை இன்று விற்றால், நாளை மனம் மாறினாலும் தன் பெயரில் திரும்ப வாங்க முடியாது. பணத்துக்கு அவசரம் இல்லாதவர் இரட்டைக் குடியுரிமை பற்றிய முடிவை முதலில் எடுத்துவிட்டு, விற்பதை அதன் பின் யோசிக்கலாம். இதே சட்டம் வாங்குபவருக்கும் பொருந்தும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் "என் பெயரிலேயே எழுதுங்கள்" என்றால் அந்த உறுதி நிலைக்காது.

விலை பேசியபின்

1. முற்பணம் வாங்கும்போது உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, காணி விற்பனை பற்றிய வெள்ளைத்தாள் ஒப்பந்தத்துக்கு வலு இல்லை. மீதிப் பணம் எந்தத் திகதிக்குள் வர வேண்டும், வராவிட்டால் முற்பணம் என்னாகும் என்பது அதில் இருக்க வேண்டும். திகதி இல்லாத முற்பணம் வீட்டை வருடக்கணக்கில் முடக்கிவிடும்.

2. உறுதியில் உண்மை விலையை எழுதுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். வழக்கமாக வாங்குபவர் கட்டுவது. அதைக் குறைக்க அவர் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார். பின்னர் தகராறு வந்தால், எழுதிய விலைக்கு மேல் வாங்கவேண்டியதை நிரூபிப்பது உங்களுக்குக் கடினமாகும்.

3. இலாபத்தின் மீது மூலதன ஆதாய வரி உண்டு. இலங்கையில் வதிபவர் தன் பிரதான வதிவிடத்தை விற்கும்போது, தொடர்ந்து மூன்று வருடம் உரிமையாளராகவும் அதில் இரண்டு வருடமாவது அங்கே குடியிருந்தவராகவும் இருந்தால் அந்த வரி இல்லை. வெளிநாட்டில் வதிபவருக்கு இந்த விலக்குக் கிடைக்காது. 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே உரிமையான சொத்துக்கு, அன்றைய சந்தைப் பெறுமதியே வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். அந்தத் திகதிக்கான மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை எடுத்து வைத்தால் வரி பெரிதும் குறையலாம்.

4. வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் கொடுப்பவர், எந்தக் காணி, எந்தச் செயல் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். "என் சொத்துகள் அனைத்தையும்" என்ற வாசகத்தில் கையொப்பமிடக் கூடாது. விற்பனை முடிந்ததும் அதை இரத்துச்செய்து, இரத்தையும் பதிய வேண்டும்.

5. பணம் வங்கிக் காசோலையாகவோ நேரடி வைப்பாகவோ வந்து சேர்ந்ததை வங்கியில் உறுதிசெய்த பின்பே உறுதியில் கையொப்பம். அதன் பின் மின்சார இணைப்பையும் பிரதேச சபை வரிப் பதிவையும் வாங்கியவரின் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்து, அந்த விண்ணப்பத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறும்வரை நிலுவைக் கட்டணச் சீட்டு உங்கள் பெயருக்கே வரும்.